தலைமன்னார்: பாதி திறந்த பாதை

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரையான 106 கிலோமீற்றர் புகையிரதப் பாதையைப் போர்க்கால அழிவின், பின்னர் மீட்சியின் கதையாகவே சொல்லி வருகிறோம். 1990இல் போரால் நின்ற சேவை, இந்தியக் கடனுதவியில் பாதை புதிதாகப் போடப்பட்டு, 2015 மார்ச் 14இல் இந்தியப் பிரதமர் மோடி கொடியசைக்கத் துறைமுகம் வரை திரும்பியது. இதில் பொய் இல்லை. ஆனால் இறங்குதுறை நிலையத்தை ஏன் அங்கே கட்டினார்கள் என்பது இந்தக் கதைக்குள் வருவதே இல்லை.

மன்னார்த் தீவின் ஊர்களுக்காக மட்டும் என்றால், கடலின் விளிம்புவரை தண்டவாளம் போயிருக்க வேண்டியதில்லை. போனது கப்பலுக்காக. பாம்பன் பாலம் திறந்த அதே 1914இல்தான் இந்தப் பாதையும் திறந்தது. சென்னை எழும்பூரில் போட்மெயில் புகையிரதம் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலைத் தாண்டி, இங்கே கொழும்பு வண்டியைப் பிடித்தார்.

போட்மெயில் என்றதும் துரைமாரும் வணிகரும் நினைவுக்கு வருகிறார்கள். இந்தத் துறையில் கூட்டங்கூட்டமாக வந்திறங்கியவர்களோ தோட்டத் தொழிலாளர்கள். அவர்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தவர்கள். பசியும் கொலராவும் வழியிலேயே பலரைக் கொன்றன. அந்த வருகையின் 200ஆம் ஆண்டில், 2023இல், அவர்களின் வழிவந்த மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்கள்.

அழைத்து வந்த பாதையே பின்னர் அவர்களைத் திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அந்த டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. கட்டிப்பிடித்து அழுதவர்களை மலைநாட்டு நிலையங்களில் பிரித்து ஏற்றிவந்த வண்டியை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். அக்காள் ஹற்றனில், தம்பி நீலகிரியின் கூடலூரில் என்று குடும்பங்கள் உடைந்தது அப்படித்தான்.

1984இல் கப்பல் நின்றது. என் கணக்கில் இறங்குதுறை நிலையம் மூடப்பட்டது அந்த ஆண்டில். 1990இல் நின்றது மீதிப் பாதி. அப்படிப் பார்த்தால் 2015இல் திறந்ததும் பாதிதான். இன்று பாதை கரைவரை வருகிறது, அங்கிருந்து கடலைத் தாண்ட வழியில்லை.

2023இல் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியது, நல்லது. தலைமன்னார்–இராமேஸ்வரம் பேச்சும் அவ்வப்போது எழுகிறது. சுற்றுலா, வர்த்தகம் என்றே எழுகிறது. நீலகிரியில் குடியேறிய தாயகம் திரும்பியோரின் பிள்ளைகளும் மலையகத்தில் இருக்கும் அவர்களின் உறவினரும் அந்தத் திட்டத்தில் எங்கே? விமானச் செலவு தோட்டக் கூலிக்கு எட்டாது. தலைமன்னார்க் கப்பல் மறுபடி ஓடுமானால் அதன் கட்டணத்தையும் விசா நடைமுறையையும் இவர்களை முன்வைத்தே இரு அரசுகளும் தீர்மானிக்க வேண்டும்.