பத்மு தீவின் மணற்கரை



"பாஸ்டர், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்தது. குடும்பமாகக் கடற்கரையில் நான்கு நாள் தங்கி வரலாமா? அது உலக இன்பமாகிவிடாதா?" என்று சென்ற மாதம் ஒரு சகோதரன் என்னிடம் கேட்டார். அவர் இரவில் வீடு திரும்பும்போது பிள்ளைகள் உறங்கிவிட்டிருப்பார்கள். நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணத்தைப் பிறகு சொல்லுகிறேன்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் நாம் வாசிக்கிற பத்மு தீவு இன்று ஒரு விடுமுறைத் தலம் என்பதை அறிவீர்களா? ஏஜியன் கடலில் கிரேக்க தேசத்துக்கு உட்பட்ட சிறு தீவு அது. பரப்பு ஏறக்குறைய 34 சதுர கிலோமீட்டர். எரிமலைப் பாறையால் ஆனது. விமான நிலையம் கிடையாது, கப்பலில்தான் போகவேண்டும். கோடையில் மழை அரிது. ஸ்காலா துறைமுகத்தில் இறங்கும் பயணிகள் படகேறித் தெற்கே 'ப்சிலி அம்மோஸ்' கரைக்குப் போகிறார்கள். மெல்லிய மணல் என்பதே அந்தப் பெயரின் பொருள். வடக்கே லம்பி கரையிலோ பல வண்ணக் கூழாங்கற்கள். மலையுச்சியில் 1088-ல் கிறிஸ்தொதுலோஸ் என்ற துறவி நிறுவிய மடம் இருக்கிறது. ஏறும் வழியில், யோவான் தரிசனம் கண்டதாகப் பாரம்பரியம் சொல்லும் குகை. 1999-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. (குகைப் பாறையை முத்தமிடுவதில் நமக்கு ஒன்றுமில்லை, தரிசனம் தந்தவர் அங்கே அடைபட்டிருக்கவில்லை.)

அதே வெயில், அதே மணல். ஆனால் யோவான் அங்கே இருந்தது உபத்திரவத்தினால். கடலுக்கு அப்பால், இன்றைய துருக்கி நாட்டில், அவர் பாரத்தோடு எழுதிய ஏழு சபைகள். புதிய பூமியில் சமுத்திரம் இராது என்று அவர் குறித்து வைத்ததற்கு வேத பண்டிதர்கள் பல விளக்கங்கள் தருவார்கள். வேதாகமக் கல்லூரியில் நானும் அவற்றைப் படித்தேன். ஆயினும், பிரித்து வைக்கும் கடலைத் தினமும் பார்த்தவர் எழுதியது அது. ஊரில் தாயை விட்டு வந்திருக்கிற நமக்கு அது விளங்கும்.

அப்படியானால் ஓய்வு தவறா? சாப்பிடவும் நேரமில்லாதிருந்த சீஷரைத் தனித்த இடத்துக்கு அழைத்து இளைப்பாறச் சொன்னவர் ஆண்டவரே (மாற்கு 6:31). இதை நான் தாமதமாகக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், ஞாயிறு ஆராதனைக்கு வராமல் குடும்பத்தோடு கடற்கரைக்குச் சென்ற ஒருவரைப் பிரசங்க பீடத்திலிருந்தே கடிந்துகொண்டேன். பெயர் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்தது. அவர் மனைவி அப்போதே வியாதியாயிருந்தார் என்பதையும், அவர்கள் சேர்ந்து கண்ட கடைசிக் கடல் அதுவே என்பதையும் அடக்க ஆராதனையன்றுதான் அறிந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்; ஒன்றும் பேசவில்லை.

ஆகவே, யோசித்துவிட்டு, சகோதரனிடம், "போய் வாருங்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள். கர்த்தருடைய நாளில் பத்முவிலே யோவானுக்குச் சபை கூட்டமில்லை; கடல்தான் இருந்தது. ஞாயிறு காலை நால்வரும் கரையில் உட்கார்ந்து முதலாம் அதிகாரத்தைச் சத்தமாய் வாசியுங்கள்" என்றேன். சந்தோஷமாய்த் தலையசைத்தார். அந்த நான்கு நாளும் கைபேசியை வீட்டில் வைத்துவிடுங்கள் என்றேன். அதற்குத்தான் தயங்கினார்.