கோப்பின் தலைப்பை மாற்ற வேண்டும்

அரசு அலுவலகத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் எழுத்தராக இருந்தவன் என்ற ஒரே தகுதியில் இதைச் சொல்கிறேன். ஒரு கோப்பின் தலையெழுத்து அதன் மேலட்டையில் இருக்கிறது. உள்ளே எத்தனை பக்கம் கண்ணீர் விட்டு எழுதியிருந்தாலும் சரி, 'பொருள்' என்று போட்டு நாம் எழுதுகிற ஒரு வரியை வைத்துத்தான் அது எந்தப் பிரிவுக்குப் போகும், எந்த மேசையில் உட்காரும், எப்போது முடித்து வைக்கப்படும் என்பதெல்லாம் தீர்மானமாகும். தலைப்பைத் தப்பாகப் போட்டால் நியாயமான மனுவும் தப்பான மேசையில் செத்துப்போகும்.

இப்போது நம் மாவட்டத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. மறு மாதமும் வரவில்லை. பள்ளிப் பதிவேட்டில் அவனுக்குத் தலைப்பு 'இடைநின்ற மாணவர்'. யாராவது காவல் நிலையத்துக்குப் போனால் 'காணவில்லை'. எங்கோ ஓர் ஊரில் அதிகாரிகள் சோதனை போட்டுக் கண்டுபிடித்தால் 'குழந்தைத் தொழிலாளர்'. ஊருக்குள் கேட்டால் 'பொழைக்கப் போயிருக்கான்'. ஒரே பையனுக்கு நாலு தலைப்பு. 'குழந்தை வதை' என்று மட்டும் எவரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்பதுதான் என் கருத்து.

நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 'குழந்தைக் கடத்தல்' என்றதும் நமக்கு மனதில் வருவது மிட்டாய் கொடுத்து, வாயைப் பொத்தி, வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போகிற முரடன். 'கடத்தல்' என்ற சொல்லே ரேஷன் அரிசிக்கும் சந்தனக் கட்டைக்கும் பழகிப்போன சொல். முந்தல் சோதனைச் சாவடியில் மூட்டையைக் குத்திப் பார்ப்பது அரிசி போகிறதா என்று. அதே வண்டியில் ஒரு பிள்ளை போனால் குத்திப் பார்க்க என்ன இருக்கிறது? ஆனால் நிஜத்தில் பிள்ளையைக் கொண்டுபோகிறவன் பெரும்பாலும் தெரிந்த ஆள்தான். பக்கத்து ஊர்க்காரன், தூரத்து மாமன், முன்பு அங்கே வேலை பார்த்துத் திரும்பியவன். வாயைப் பொத்துவதில்லை, முன்பணம் கொடுக்கிறான்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தும் நம் ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வடமாநிலங்களின் முறுக்குக் கம்பெனிகளுக்குப் பையன்கள் போன கதையும், மீட்கப்பட்டு வந்த கதையும் நம் வயதுக்காரர்களுக்குப் புதிதில்லை. வீட்டில் ஒரு கல்யாணம், ஓர் ஆஸ்பத்திரிச் செலவு, மழை பொய்த்த ஒரு வருடம். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து ஒரு தொகையைக் கையில் வைப்பார். பையன் ரயிலேறுவான். விடியுமுன் எழுந்து மாவு பிசைந்து, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்க வேண்டும். கணக்கு முதலாளியிடம் இருக்கும். கடன் எப்போது தீரும் என்பது பையனுக்கும் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது. நூற்பாலைகளுக்கு 'சுமங்கலித் திட்டம்' என்ற அழகான பெயரில், மூன்று வருடம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று சொல்லி நம் பெண் பிள்ளைகளை விடுதியில் அடைத்து வைத்ததும் இதே கணக்குத்தான்.

தலைப்பு மாறினால் என்ன மாறும் என்று கேட்பீர்கள். சட்டத்தையே பாருங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்படி, 2016 திருத்தத்துக்குப் பிறகும், பிள்ளையை வேலைக்கு வைத்தவனுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம். அதே செயலை ஆள் கடத்தல் என்று எழுதினால், 2013இல் திருத்திய இந்திய தண்டனைச் சட்டம் 370ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு வரும். குழந்தையாக இருந்தால் குறைந்தது பத்து வருடம், அதிகபட்சம் ஆயுள். அந்தப் பிரிவில் இரண்டு விஷயங்கள் தெளிவாக இருக்கின்றன. கொண்டுபோகப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது. பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரின் சம்மதத்தை வாங்கக் கொடுத்த பணமும் குற்றத்தின் பகுதிதான். அதாவது அந்த முன்பணம். கொத்தடிமை என்று சான்று கிடைத்தால், கட்டாய வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைக்கு 2016இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் இரண்டு லட்சம் ரூபாய் மறுவாழ்வுத் தொகையும் உண்டு. 'குழந்தைத் தொழிலாளர்' என்று மட்டும் எழுதி மூடிய கோப்பில் அது வராது.

தலைப்பு தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு மலைக்கு மேலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டிப் போனால் வருகிற சூரியநெல்லி. 1996 ஜனவரி 16 அன்று அந்த ஊர்ப் பள்ளிச் சிறுமி ஒருத்தியை, ஒரு பேருந்து நடத்துனர் காதல் பேச்சுப் பேசிக் கூட்டிக்கொண்டு போனான். அதன் பிறகு கைமாறிக் கைமாறி நாற்பது நாள். கேரளத்தின் ஊர்களிலும் எல்லை தாண்டி நம் பக்கமும் பேருந்திலும் காரிலும் கொண்டுபோனார்கள், விடுதிகளில் தங்க வைத்தார்கள், பலர் சீரழித்தார்கள். பிப்ரவரி 26ஆம் தேதி அவள் வீடு திரும்பினாள். 2000இல் கோட்டயம் தனி நீதிமன்றம் 35 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2005இல் கேரள உயர் நீதிமன்றம் ஒருவரைத் தவிர எல்லாரையும் விடுவித்தது. அந்தப் பெண்ணுக்குத் தப்பிக்க வாய்ப்பு இருந்தும் தப்பவில்லையே என்ற ரீதியில் போனது அந்தத் தீர்ப்பு. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்னது. 2014 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 24 பேரின் தண்டனையை உறுதி செய்தது. பதினெட்டு வருடம்!

அந்தப் பதினெட்டு வருடமும் பெரும்பாலும் எதைப் பற்றிப் பேசினார்கள்? அந்தச் சிறுமி ஏன் போனாள், ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை என்று. நான் கேட்கிற கேள்வி வேறு. நாற்பது நாளில் எத்தனை விடுதி மேசைகளைத் தாண்டி அவள் போயிருப்பாள்? எத்தனை பேருந்தில் டிக்கெட் கிழித்திருப்பார்கள்? பள்ளிச் சிறுமி, பக்கத்தில் அப்பன் வயது ஆட்கள். பார்த்தவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? பார்த்தவர் சொல்ல வேண்டும் என்று அன்று ஒரு சட்டமும் அவர்களைக் கட்டவில்லை. 1098 என்ற எண் மும்பையில் தொடங்கியதே அதே 1996இல்தான். அது மலைக்கு வந்து சேரப் பல காலம் ஆயிற்று.

இன்று நிலைமை பாதி மாறியிருக்கிறது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ, எவராக இருந்தாலும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. விடுதி, மருத்துவமனை, ஸ்டூடியோ என்று 20ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை பார்ப்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது என்றும் அதே சட்டம் உறுதி தருகிறது. சொல்லாமல் விடுவது கடுமையான குற்றம் என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ஒரு மருத்துவர் வழக்கில் சொல்லிவிட்டது.

மீதிப் பாதி? எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிற பையனுக்கு இந்தக் கடமை பொருந்தாது. அவன் மேல் யாரும் பாலியல் குற்றம் செய்யவில்லையே. இளைஞர் நீதிச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, தொலைந்த, கைவிடப்பட்ட, ஆதரவற்ற பிள்ளையைக் கண்டெடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்கிறது. நம் பையன் தொலையவும் இல்லை, அநாதையும் இல்லை. 'மாமாவோடு' போகிறான். இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியாக ரயில் போய்விடுகிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். குடிமைப் பாடம் நடத்திய முசே, ஆபத்தில் இருப்பவனுக்குக் கை கொடுக்காமல் போவது வெறும் பாவம் மட்டுமில்லை, குற்றமும்கூட என்று சொன்னது நினைவிருக்கிறது. 1945 முதல் பிரான்சில் அது சட்டம். இன்றைய பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. சிறு வயதினர் பட்டினி போடப்படுவதோ, கொடுமைப்படுத்தப்படுவதோ, பாலியல் தாக்குதலுக்கு ஆளாவதோ தெரிந்தும் அதிகாரிகளுக்குச் சொல்லாதவருக்கு மூன்று வருடச் சிறையும் 45,000 யூரோ அபராதமும். பாலியல் குற்றம் ஒரு தட்டு, மற்றக் கொடுமை ஒரு தட்டு என்று அங்கே பிரிக்கவில்லை. அமெரிக்காவில் 1962இல் டாக்டர் கெம்பே, அடிபட்ட குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, 1967க்குள் எல்லா மாநிலங்களிலும் மருத்துவர் போன்றோர் சொல்லியாக வேண்டும் என்ற சட்டம் வந்துவிட்டது. 2015இல் அவர்களும் ஒரு படி மேலே போய், பாலியல் தொழிலுக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளையை வதைக்கு ஆளான பிள்ளையாகவே கருத வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். தலைப்பை மாற்றினார்கள்.

ஆனால் சட்டம் எழுதினால் மட்டும் போதாது என்பதை எங்கள் காலை நடைக் கூட்டத்தில் வருகிற ஓய்வுபெற்ற நடத்துனர் ஒருவர் எனக்குப் புரிய வைத்தார். "சந்தேகம் வரத்தான் சார் செய்யும். புள்ளைகிட்ட 'எந்த ஊருடா'ன்னு கேட்டா, பதில் சொல்றதுக்கு முன்னாடி கூட வர்றவன் மூஞ்சியப் பாக்கும். ஆனா யாருகிட்ட சொல்றது? வண்டிய நிறுத்தினா பாசஞ்சர் சண்டைக்கு வருவாங்க. நாளைக்குக் கோர்ட்டுக்கு வான்னா எனக்கு லீவு யாரு கொடுப்பா?" என்றார். கண்ணில் குறை இல்லை. கண்டதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழி தெரியவில்லை. பயிற்சி என்று நான் சொல்வது அந்த வழியைத்தான்.

போடியில் யாருக்கெல்லாம் பயிற்சி வேண்டும்? பேருந்து நடத்துனர், மலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டுநர், விடுதி மேலாளர், சாவடிக் காவலர், கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர். 2023 ஜூன் முதல் போடியிலிருந்து சென்னைக்கே நேராக ரயில் போகிறது. ஆகவே டிக்கெட் பரிசோதகரும். ஒவ்வொருவருக்கும் அரை நாள் போதும். எதைக் கவனிப்பது: ஒரே ஆளோடு உறவில்லாத பல பிள்ளைகள், போகிற ஊர்ப் பெயர் தெரியாத பிள்ளை, கூட வருபவர் பெயரைச் சொல்லத் தடுமாறும் பிள்ளை, தீக்காயம், பள்ளி நடக்கும் மாதத்தில் பெரிய பையோடு பயணம். எதைச் செய்யக் கூடாது: அங்கேயே சண்டை போட்டுக் கூட வந்தவனை உஷார்ப்படுத்துவது, கூட்டம் கூட்டிப் பிள்ளையை விசாரிப்பது, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது. எதைச் செய்ய வேண்டும்: வண்டி எண், நேரம், இடம் குறித்துக்கொண்டு 1098க்கோ 112க்கோ சொல்வது. ஆசிரியர்களுக்கு இன்னொன்று: தொடர்ந்து வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே 'குடும்பத்துடன் வெளியூர்' என்று எழுதுமுன், குடும்பம் ஊரில் இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்ப்பது.

இதற்கு மறுப்பு வரும் என்று தெரியும். "ஏழை வீட்டில் இன்னொரு வழக்கா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். காய் எடுப்புக் காலத்தில் விடிகாலை ஜீப்பில் ஏலக்காட்டுக்குப் போகிற தாய், பள்ளி விடுமுறையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போக இடமில்லாமல் கூட்டிக்கொண்டு போகிறாள். அவள் கடத்தல்காரி இல்லை. அவளுக்கு வேண்டியது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம், காவல் நிலையம் இல்லை. அவளையும் முன்பணக்காரனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் இருக்கத்தான் பயிற்சி வேண்டும் என்கிறேன். பயிற்சி இல்லாத சட்டம் முதலில் அவளைத்தான் பிடிக்கும். தரகனுக்கு ஜாமீன் எடுக்க ஆள் உண்டு. வதை என்று தலைப்புப் போட்டால் பிள்ளை குழந்தைகள் நலக் குழுவின் முன் போகும். அங்கே முதல் கேள்வி இந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதாக இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம்.

மாநில அரசு செய்ய வேண்டியது இரண்டு. சொல்லும் கடமையை எல்லாவிதக் குழந்தைக் கடத்தலுக்கும் நீட்டிக்கச் சட்டத்தில் ஒரு வரி. அந்த வரியைக் காக்கிச் சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் சொல்லிக்கொடுக்க ஆண்டுக்கு அரை நாள். தேனி மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. ஜீப் காலையில் இங்கே ஏறி அங்கே இறங்குகிறது; கோப்பு மட்டும் எல்லையில் நிற்கக் கூடாது.

நம் வயதுக்காரர்கள் நாள் முழுக்கத் திண்ணையிலும் பேருந்து நிலையப் பெஞ்சிலும் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எந்த வீட்டுக்கு எந்தத் தரகர் வந்து போகிறார் என்பது நமக்குத் தெரியாமல் போகாது. சட்டம் வரும்போது வரட்டும். 1098க்குக் காசு கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.