தெரிந்தும் சொல்லாதது குற்றமல்லவா?

வைத்தியரை நம்பக் கூடாதென்று நாம் யாருக்கும் சொல்ல வரவில்லை. வியாதி வந்தால் படித்த வைத்தியரிடம் போவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் நம்புவது வேறு. வாயை மூடிக்கொண்டு உடம்பை ஒப்புக்கொடுப்பது வேறு. இந்த இரண்டுக்கும் பேதம் தெரியாமற் போனால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்து தேசத்தில் நடந்த ஒரு சங்கதியே போதுமான சாட்சியாகும்.

அங்கே 1959 முதல் 1985 வரை, வயதுக்குத் தக்க உயரம் வளராத பிள்ளைகள் 1,800 பேருக்கு மேல் ஊசி போடப்பட்டது. அந்த மருந்து எதிலிருந்து வந்தது? செத்தவர்களின் மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி என்னும் சுரப்பியிலிருந்து வந்தது. பிணக்கிடங்குகளில் எடுத்த ஏராளமான சுரப்பிகளை ஒன்றாகக் கலந்து சத்தை இறக்கினார்கள். அந்தக் குவியலில் ஒரே ஒரு சுரப்பி கிராய்ட்ஸ்பெல்ட்-யாக்கப் என்னும் மூளை வியாதி கண்டவருடையதாயிருந்தாலும் கலவை முழுவதும் கெட்டுப் போகும். இவ்வியாதி கண்டவனுக்கு மூளை பஞ்சுபோல் துளைவிடும், நடை தள்ளாடும், நினைவு கெடும், முடிவில் சாவு நிச்சயம். இதைத் தீர்க்கும் மருந்து இன்றைக்கும் கிடையாது. ஊசி போட்டு இருபது, முப்பது வருஷம் கழித்தும் வரும். அமெரிக்காவில் இதே மாதிரி ஊசி போட்டுக்கொண்ட வாலிபர்கள் செத்தது தெரிந்த பிறகே, 1985-இல் இங்கிலாந்தில் இது நிறுத்தப்பட்டது. ஆனால் ஊசியை நிறுத்தியதால் சாவு நிற்கவில்லை. அங்கே இவ்விதம் மாண்டவர்கள் 70 பேருக்கு மேல்.

இதைத் தலைவிதி என்று சொல்லிவிடலாமா? முடியாது. இந்த வியாதி ஓர் உடம்பிலிருந்து மற்றோர் உடம்புக்குத் தொற்றக்கூடியது என்று 1968-லேயே குரங்குகளிடம் சோதித்துக் கண்டாய்விட்டது. 1974-இல், செத்தவரின் கண்ணிலிருந்து எடுத்து வைத்த கருவிழித் தோல் மூலம் ஒரு நோயாளிக்கு வந்ததாகப் பத்திரிகையிலும் எழுதியாய்விட்டது. 1976 அக்டோபரில், ஆடுகளின் மூளை வியாதியை ஆராய்ந்து வந்த ஆலன் டிக்கின்சன் என்னும் விஞ்ஞானி, இந்த ஊசியாலும் அந்த ஆபத்து வரலாமென்று மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்கு எச்சரிக்கையே செய்தார். எச்சரிக்கை மேஜைக்கு மேஜை போயிற்று. பிள்ளையைப் பெற்றவர் காதுக்கு மட்டும் போகவில்லை. ஊசி இன்னும் எட்டு வருஷத்துக்கு மேல் நடந்தது.

1996-இல் லண்டன் ஹைகோர்ட்டில் ஜட்ஜ் மார்லண்ட் தீர்ப்புச் சொன்னார். 1977 ஜூலை 1-க்குப் பிறகு புதிதாகச் சிகிச்சை தொடங்கப்பட்டவர்கள் விஷயத்தில் அதிகாரிகள் கவனக்குறைவு செய்தார்கள் என்பது அத்தீர்ப்பு. அதற்கு முன்பே ஊசி முடிந்துபோன பிள்ளைகளின் குடும்பத்தாருக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. தெரியாமற் செய்ததைக் குற்றமென்று சொல்வது நியாயமல்ல என்று ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் சர்க்கார் பணத்தில், சர்க்கார் திட்டத்தில் செத்த பிள்ளைக்கு ஈடு கொடுக்கவும் தேதி பார்க்க வேண்டுமா என்று கேட்கின்றோம்.

நிற்க, “மருந்தில்லாத வியாதியைப் பற்றிச் சொல்லி ஜனங்களை ஏன் பயமுறுத்த வேண்டும்?” என்று சில பெரிய மனிதர்கள் கேட்கின்றார்கள். பயம் உண்டாகும் என்பது மெய்தான். 1997-இல் அதே ஜட்ஜ், இந்தப் பயத்தால் மனோவியாதி கண்டவர்களுக்கும் நஷ்டஈடு கேட்க உரிமையுண்டு என்று சொல்லியிருக்கிறார். ஆனால் பயத்தை உண்டாக்கியவன் யார்? உண்மையைச் சொன்னவனா, ஊசியைப் போட்டவனா? மேலும், சொன்னால் பயனே இல்லை என்பது சுத்தப் பொய். விஷயம் தெரிந்தவன் பிறருக்கு ரத்தம் கொடாமல் இருப்பான். மண்டையில் ஆப்பரேஷன் செய்ய வரும் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுவான். சாதாரணமாகக் கொதிக்க வைப்பதால் இந்த விஷம் சாகாது. ஒருவனுக்குப் போட்ட ஆயுதம் அடுத்தவனைக் கொல்லக்கூடும். ஆகவே ஒருவனிடம் மறைப்பது அவனோடு நிற்கும் பாவமல்ல; அடுத்த படுக்கையில் கிடப்பவனுக்கும் செய்யும் துரோகமாகும்.

இவ்வளவுக்கும் மூலகாரணம் ஒரு பழைய எண்ணமாகும். 1957-இல் அந்த நாட்டில் போலம் வழக்கு என்று ஒன்று நடந்தது. வைத்தியர் செய்ததைப் பொறுப்புள்ள மற்ற வைத்தியர்கள் சரியென்றால் அது கவனக்குறைவல்ல என்று அதில் விதி வகுத்தார்கள். நோயாளிக்கு எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்பதற்கும் அதே அளவுகோலைப் பிடித்தார்கள். வைத்தியருக்கு வைத்தியர் சாட்சி! உடம்புக்குச் சொந்தக்காரனுக்கு அங்கே என்ன யோக்கியதை இருந்தது? 2015-இல் மாண்ட்காமரி வழக்கில்தான், புத்தியுள்ள நோயாளி எந்த ஆபத்தை முக்கியமென்று நினைப்பானோ அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்த்தது. இந்தச் சிறு நியாயம் பிறக்க 58 வருஷம் பிடித்தது!

தோழர்களே! படித்தவர் சொன்னார், பெரியவர் சொன்னார், சர்க்கார் சொல்லிற்று என்று தலையாட்டுவது பக்தியே ஒழிய அறிவாகாது. ஊசி நீட்டப்படும்போது “இது என்ன? எங்கிருந்து வந்தது? இதிலுள்ள ஆபத்து என்ன?” என்று கேளுங்கள். கேட்டால் யோக்கியமான வைத்தியர் கோபிக்க மாட்டார். கோபிப்பவரிடம்தான் கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் கேட்டால்தான் சொல்லுவேன் என்பதும் நியாயமாகாது. தெரிந்தவன் கேளாமலே சொல்லக் கடமைப்பட்டவன். சொல்லாமல் மறைத்தவனைத் தண்டிக்காத சட்டம் நோயாளிக்கான சட்டமல்ல, வைத்தியருக்குக் குடை பிடிக்கும் சட்டமேயாகும்.