கம்பெனிக் கொடையும் குடிமக்கள் வாக்கும்

யாம் பிறந்து வளர்ந்த ஆரணி நகரிலே பட்டுத் தறியின் ஓசை கேளாத தெருக்கள் சிலவே. அந்நகர் நெசவாளரிடையே நெடுநாளாக வழங்கிவரும் வழக்கமொன்றுண்டு. நெசவாளர் ஒருவர் வணிகரிடம் முன்பணம் பெற்றுவிடுவாராயின், அக்கடன் தீருங்காறும் அவர் நெய்யும் சேலை அவ்வணிகருக்கே உரியதாகும். வேறொருவர் கூலி மிகுத்துத் தருவதாகக் கூறினும் அவர்பாற் செல்லுதல் இயலாது. அவரை அதட்டுவாரும் அடிப்பாரும் இலர். ஏட்டில் எழுதிய கடனே அவரைக் கட்டி நிறுத்தும். இளமை தொட்டு இதனைக் கண்டு பழகிய யாம், அரசியற் கட்சிகள் பெருங் கம்பெனிகளிடம் பெறும் பொருளைப்பற்றி எண்ணுந்தோறும் இம்முன்பணத்தையே நினைவு கூர்கின்றோம்.

உண்ட உணவிற்காக உயிரையும் கொடுத்தலைச் செஞ்சோற்றுக்கடன் என்று நம் முன்னோர் போற்றினர். போர் வீரனுக்கு அது புகழ். மக்கள் பிரதிநிதிக்கோ அது பழியாய் முடியும். அவன் உண்ணும் சோறு யாருடையது என்பதை வாக்களிப்போர் அறிதல் வேண்டும். அச்சோற்றிற்கு ஓர் அளவும் வேண்டும். இவ்விரண்டினையும் சட்டத்தால் உறுதிசெய்தல் இன்றியமையாதது என்பதே யாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்த கருத்தாகும்.

இவ்வினா நம் நாட்டிற்குப் புதியதன்று. 1957-ஆம் ஆண்டில் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனியார், கட்சிகட்குப் பொருளுதவி செய்ய இடந்தருமாறு தம் அமைப்பு விதிகளைத் திருத்திக்கொள்ள விரும்பிப் பம்பாய் உயர்நீதிமன்றத்தை அணுகினர். தலைமை நீதிபதி எம். சி. சக்லா அவர்கள் சட்டப்படி அதனைத் தடுக்க இயலாமையால் அனுமதி அளித்தனரேனும், இவ்வழக்கம் குடியாட்சியின் குரல்வளையை நெரிக்கவல்ல பேரிடராய் வளரக்கூடும் என்று எச்சரித்து, பார்லிமெண்டு இதனை ஆராய்தல் வேண்டுமென்றும் கருதினர். 1960-இல் முதல் வரம்பு பிறந்தது: மூவாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு 5 பங்கு, அல்லது 25,000 ரூபாய், இவற்றுள் எது பெரிதோ அதுவே எல்லை. 1969-இல் கம்பெனிக் கொடை முற்றிலும் விலக்கப்பட்டது. 1985-இல் அவ்விலக்கு நீங்கி, நூற்றுக்கு 5 என்னும் வரம்பு மீண்டது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் அதனை நூற்றுக்கு 7.5 ஆக உயர்த்தியது. கொடையைப் பெற்ற கட்சியின் பெயரையும் கணக்கிற் காட்டுமாறு விதித்தது.

இங்ஙனம் வளர்ந்த வேலியை 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் பிடுங்கி எறிந்தது. இலாபத்தில் இத்துணைப் பங்கு என்னும் வரம்பு நீங்கிற்று. கட்சியின் பெயரைக் காட்டும் கடமையும் நீங்கிற்று. நட்டத்தில் ஓடும் கம்பெனியும் வேண்டிய அளவு கொடுக்கலாம் என்றாயிற்று. 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் வந்தது. ஸ்டேட் வங்கியில் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை மதிப்புள்ள பத்திரங்களை வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம்; கொடுத்தவர் பெயர் வெளிப்படாது. கொடுப்போர் அறிவர், பெறுவோரும் அறியக்கூடும், வங்கியை உடைய அரசாங்கமும் அறியக்கூடும். வாக்களிக்கும் குடிமகன் ஒருவனே அறியான்!

2024 பிப்ரவரி 15-ஆம் நாள், தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் அவர்கள் தலைமையில் ஐவர் அமர்ந்த உச்ச நீதிமன்ற ஆயம் இத்திட்டம் அரசியற் சட்டத்திற்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கட்சிகளுக்கு வரும் பொருளைப்பற்றி அறிதல் வாக்காளரின் உரிமை என்றும், கம்பெனிக் கொடைக்கு எல்லையின்றி இடந்தருதல் முறையற்றது என்றும் அஃது உரைத்தது. அதனால் பழைய வரம்பு மீண்டும் உயிர்பெற்றது. பெயர்களைத் தர ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை தவணை வேண்டிற்று. நீதிமன்றம் அதற்கு இசையவில்லை. மார்ச்சு மாதத்திலேயே பட்டியல்கள் வெளிவந்தன.

அப்பட்டியல்களில் முதலிடம் பெற்றது எது? கோயம்புத்தூரில் நிலைகொண்ட பியூச்சர் கேமிங் என்னும் லாட்டரிக் கம்பெனியேயாம். அது வாங்கிய பத்திரங்களின் மதிப்பு 1,368 கோடி ரூபாய். 2003-ஆம் ஆண்டு முதல் லாட்டரிச் சீட்டு விற்பனை விலக்கப்பட்ட தமிழ்நாட்டில் இருந்தே இத்துணைப் பெரும்பொருள் புறப்பட்டது என்பது வியப்பிற்குரியதன்றோ? திராவிட முன்னேற்றக் கழகம் இக்கம்பெனியிடம் 509 கோடி பெற்றதைத் தானே அறிவித்தது. நாடு முழுவதையும் நோக்கின், பத்திரங்களால் மிகுதியும் பெற்றது அக்காலத்தில் மத்தியில் ஆண்ட பாரதிய ஜனதா கட்சியாகும். எக்கட்சியையும் தூற்றுதல் எம் நோக்கமன்று. ஆளுங்கட்சி எதுவாயினும் பொருள் அதனை நோக்கிப் பாய்கின்றது என்பதனையே சுட்ட விரும்பினோம்.

“வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்று நமக்குப் போதிக்கவில்லையா? மறைவாகக் கொடுத்தல் குற்றமாமோ?” என்று எம் விடுதித் தோழர் ஒருவர் வினவினார். அவ்வினாவை எளிதில் ஒதுக்க எமக்கு மனம் வரவில்லை. எண்ணிப் பார்த்து யாம் கண்ட விடை இது: ஏழைக்கு இடுவோன் திரும்பப் பெறுதலை நினைப்பதில்லை, ஆதலின் அவன் கொடை மறைந்திருத்தல் அழகு. ஆள்வோனுக்கு இடுவோன் உரிமமும் ஒப்பந்தமும் வரிச்சலுகையும் வேண்டும் நிலையில் இருப்பவன். ஆதலின் அவன் கொடை வெளிப்பட்டிருத்தலே நாட்டிற்குக் காவல். அறம் மறைவை நாடலாம். ஆட்சி வெளிச்சத்தையே நாடவேண்டும்.

வரம்பு வைத்தால் பணம் கள்ள வழியிற் புகும் என்பார் பிறர். 1969 முதல் 1985 வரை இருந்த முழு விலக்கு அவ்வாறே கறுப்புப் பணத்திற்கு வழி வகுத்தது என்று அறிஞர் பலர் கூறுவர். ஆதலின் யாம் முழு விலக்கை வேண்டுகின்றோமல்லோம். ஆனால் மடை உடைகின்றது என்பதற்காக ஏரிக்கரையையே வெட்டிவிடுவார் உண்டோ?

இப்போதுள்ள வரம்பும் போதுமானதன்று. ஆண்டுக்கு ஆயிரங்கோடி நிகர இலாபம் ஈட்டும் கம்பெனி நூற்றுக்கு 7.5 வீதம் 75 கோடி கொடுக்கலாம். எம் ஆரணி நாடாளுமன்றத் தொகுதியில் நிற்கும் வேட்பாளர் ஒருவர்க்கு 2022-இல் வகுத்த செலவு வரம்போ 95 லட்சம். ஒரு கம்பெனியின் ஓராண்டுக் கொடை 78 வேட்பாளரின் முழுச் செலவிற்கு மேலாகின்றது! ஆகவே விழுக்காட்டோடு, தாண்டவொண்ணாத ஒரு தொகையையும் எல்லையாக வகுத்தல் வேண்டும். வேட்பாளர்க்கு வரம்பிட்டுக் கட்சியை வரம்பின்றி விடுதலும் திருத்தத்தக்கது. பெருங்கொடைகளை ஆண்டு முடிவில் அன்றி, வாக்களிக்கும் நாளுக்கு முன்னரே மக்கள் அறியச் செய்தல் வேண்டும். இன்று இயக்குநர் அவையின் தீர்மானமே போதும். இங்கிலாந்தில் உள்ளதுபோலப் பங்குதாரரின் இசைவும் பெறுதல் முறையாம். கம்பெனியின் பணம் இயக்குநரின் பணமன்று.

கம்பெனிக்கு வாக்குச் சீட்டு இல்லை, நெசவாளர்க்கு உண்டு. கம்பெனி கொடை தடுக்கப்பட்டிருந்த நிலை நீங்கிய அதே 1985-ஆம் ஆண்டில்தான் சில துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டமும் பிறந்தது. அத்தகைய சட்டத்தைக் காக்கவோ கைவிடவோ முடிவுசெய்யும் அவையில், குழித்தறியில் அமர்ந்திருப்பவர் தம் ஒரு வாக்கையன்றி வேறெதனை வைக்க வல்லார்? அவ்வொன்றின் மதிப்பும் குறையுமாயின் அவர்க்கு எஞ்சுவது யாது?

ஆரணியிற் சேலை வாங்க வருவோர் சரிகையை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தே விலை பேசுவர். உண்மைச் சரிகை நெய்தவர் அதற்கு அஞ்சுவதில்லை. அண்மையில் வாக்குரிமை பெற்ற மாணவராகிய நாமும், வாக்குக் கேட்டு வரும் எக்கட்சியாரிடமும், “நும் முன்பணம் யார் தந்தது?” என்று வினவக் கற்றுக்கொள்வோமாக.