மாணவருக்கு டேட்டா கிடைத்தது... ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு என்ன கிடைத்தது?

2020 மார்ச்சில் கரோனா ஊரடங்கால் கல்லூரிகள் மூடப்பட்டன. அதுவரை கரும்பலகையை மட்டுமே நம்பியிருந்த ஆசிரியர்கள், செல்போன் கேமரா முன் உட்கார வேண்டியதாயிற்று. மாணவர்களின் சிரமம் அரசின் கவனத்துக்கு வந்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் 2 ஜிபி இலவச டேட்டா, 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. தேவையான உதவிதான். ஆனால், அந்த 2 ஜிபி வழியாக மாணவரிடம் போய்ச் சேர்ந்த பாடம் எப்படி இருந்தது என்ற கேள்வி மட்டும் பெரிதாக எழவில்லை.

“அதான் கல்லூரி திறந்தாச்சே, இனி எதுக்கு அந்தப் பேச்சு?” என்று கேட்கலாம். ஆன்லைன் வகுப்பு முழுதாகப் போய்விடவில்லை. மழை விடுமுறை விட்டால் “ஆன்லைன்ல எடுத்துடுங்க” என்று சொல்வது பல கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ‘ஸ்வயம்’ தளத்தில் படித்து கிரெடிட் பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021-ல் விதியைத் தளர்த்தியது. அதற்கு முன்பு இது 20 சதவீதமாக இருந்தது.

பட்டனைக் காட்டுவது பயிற்சியா?

ஆன்லைன் வகுப்புக்கான பயிற்சி என்றாலே பெரும்பாலும் மீட்டிங் லிங்க் அனுப்புவது, திரையைப் பகிர்வது, வருகைப் பதிவு எடுப்பது ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. இவற்றை ஒரு மதிய நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. வகுப்பறையில் 60 முகங்களைப் பார்த்தாலே யாருக்குப் புரியவில்லை என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். ஆன்லைனில் அந்த 60 முகங்களும் 60 கறுப்புக் கட்டங்களாகிவிடுகின்றன. “கேக்குதா?” என்றால் “கேக்குது சார்” என்று இரண்டு பேர் சொல்வார்கள். புரிந்ததா என்பது யாருக்கும் தெரியாது.

ஸ்வயம் தளத்தின் பாட அமைப்பு இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. வீடியோ, படிப்பதற்கான பாடப் பொருள், சுயமதிப்பீட்டுக் கேள்விகள், சந்தேகம் கேட்கும் அரங்கு என்று ஒவ்வொரு பாடத்துக்கும் 4 பகுதிகள் உண்டு. கல்லூரிகளின் ஆன்லைன் வகுப்புகளில் முதல் பகுதி மட்டும் தங்கிவிட்டது. 50 நிமிடப் பேச்சு அப்படியே கேமரா முன் நடக்கிறது.

இது ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு ஆய்வு உண்டு. ‘எடெக்ஸ்’ தளத்தின் 4 பாடங்களில், மாணவர்கள் வீடியோ பார்த்த 69 லட்சம் தடவைகளை அலசிய அமெரிக்க ஆய்வு 2014-ல் வெளியானது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் பொதுவாக 6 நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து துண்டுதுண்டாக வெட்டிப் போட்டாலும் பெரிய பலன் இல்லை. ஸ்லைடை மட்டும் காட்டுவதைவிட, கையால் எழுதி எழுதி விளக்கும் வீடியோக்களை மாணவர்கள் அதிகம் பார்த்தார்கள். ஸ்டுடியோ இல்லாத கல்லூரிக்கு இது நல்ல செய்தி. ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா, மேலிருந்து பார்க்கும் ஒரு செல்போன் போதும்.

ஒரு கேள்வி போதும்

பி.காம் வகுப்பில் தேய்மானம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். “10,000 ரூபாய் இயந்திரம், 10 சதவீதம், குறைந்து செல் இருப்பு முறை. இரண்டாம் ஆண்டுத் தேய்மானம் எவ்வளவு?” என்று கேட்டு, எல்லோரையும் சாட்டில் விடை போடச் சொல்லலாம். 900 என்றால் புரிந்திருக்கிறது. 1,000 என்று போட்டவர் நேர்க்கோட்டு முறையிலேயே நிற்கிறார். 810 என்று போட்டவர் ஓர் ஆண்டு தாண்டிப் போய்விட்டார். “புரிஞ்சுதா?” என்று பத்து தடவை கேட்டாலும் கிடைக்காத தகவல் இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. கேமராவும் தேவையில்லை, டேட்டாவும் அதிகம் செலவாகாது.

ஆனால், இப்படியொரு கேள்வியை யோசித்து அமைக்க நேரம் வேண்டும். ஒரு மணி நேரப் பாடத்தை 6 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, இடையிடையே கேள்வி வைத்து, விடைகளைத் திருத்திச் சொல்வதற்கு, வகுப்பறைப் பாடத்தைவிடப் பல மடங்கு தயாரிப்பு தேவை. 1969-ல் தொடங்கப்பட்ட பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்த வேலையை ஒரு தனி ஆசிரியர் தலையில் கட்டவில்லை. ஒரு குழுதான் பாடத்தை உருவாக்கும். இங்கே, வாரம் முழுக்க வகுப்பு எடுத்து, விடைத்தாள் திருத்தி, சேர்க்கைப் பணியும் பார்க்கும் ஒருவர், மிச்ச நேரத்தில் இதையும் செய்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

என்ன செய்யலாம்?

முதலாவது, ஆன்லைன் பாடத் தயாரிப்பை வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். முதன்முறை ஒரு தாளை ஆன்லைனுக்கு மாற்றும் ஆசிரியருக்கு அந்த செமஸ்டரில் சில வகுப்புகளைக் குறைக்கலாம்.

இரண்டாவது, வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். தன்னாட்சி இல்லாத கல்லூரிகளில், ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அனைவருக்கும் பாடத்திட்டம் ஒன்றே. ஆனாலும் ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் ஆசிரியர் அதே பாடத்தைத் தனியாக உட்கார்ந்து தயாரிக்கிறார். ஒரு தாளுக்கு 5 யூனிட் என்றால், 5 கல்லூரி ஆசிரியர்கள் ஆளுக்கொரு யூனிட்டை நன்றாகச் செய்யலாமே! இதற்குப் புதிய நிதி அதிகம் வேண்டாம். பல்கலைக்கழகம் முன்கை எடுத்தால் போதும்.

மூன்றாவது, பயிற்சியின் முறை மாற வேண்டும். சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பயிற்சி மையங்கள் ஏற்கெனவே உள்ளன. அங்கே ஆசிரியர்கள் ஒரு வாரம் மாணவர்களாக இருந்து, சிக்னல் சரியில்லாத இடத்தில், சிறிய செல்போனில் ஒரு பாடத்தைப் படித்துப் பார்க்கட்டும். எழுத்து தெரியாத ஸ்லைடு எப்படியிருக்கும் என்பது அப்போது சொல்லாமலே விளங்கும். பிறகு, அவர்கள் எடுக்கும் வகுப்பை சக ஆசிரியர் ஒருவர் பார்த்துக் கருத்துச் சொல்லலாம்.

கடைசியாக, யாருக்கு இந்த உதவி என்பதும் முக்கியம். மின்பாடம் உருவாக்கினால் பதவி உயர்வுக்கான மதிப்பெண் உண்டு என்று யுஜிசியின் 2018 விதிமுறை சொல்கிறது. அரசுக் கலைக் கல்லூரிகளில் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர்களுக்குப் பதவி உயர்வே கிடையாது. அந்த மதிப்பெண்ணால் அவர்களுக்கு என்ன பயன்? அவர்களுக்குத் தேவை பயிற்சி நாட்களுக்கான ஊதியமும், தயாரித்த பாடத்தில் தங்கள் பெயரும்.

இவர்களிடம் படிப்பவர்களில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். டியூஷன் வைக்க வழியில்லாத அவர்களுக்கு, ஆன்லைன் வகுப்பில் விட்டுப்போன பாடத்தை வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. அந்தப் பாடம் அரியராக நிற்கும். சில நேரம் படிப்பே நின்றுபோகும். அதைத் தடுக்கக்கூடியவர் திரையின் மறுபக்கத்தில் இருக்கும் ஆசிரியர். அவருக்கான நேரத்தையும் ஆள்துணையையும் கொடுக்காமல், மாணவருக்கு எத்தனை ஜிபி கொடுத்தாலும் அது பாதி உதவிதான்.