அப்பாவின் அம்பாஸடரும் எட்டடி கூரையும்

2023 டிசம்பர் மழையில் மடிப்பாக்கத்து எங்கள் போர்டிகோவில் 2 அடி தண்ணீர். அப்பாவின் அம்பாஸடர் குளத்து எருமை மாதிரி நின்றது. "இன்னொரு தடவை நனைஞ்சா, நானும் அதோட போயிடுவேன்டா" என்றார். கார் லிஃப்ட் தேடிக் கிளம்பினேன்.

கடைக்காரர் காட்டிய இரட்டைத் தூண் லிஃப்டே 12 அடி உயரம். எங்கள் கூரை 8 அடி. "தளத்தை உடைச்சுடலாம் சார்!" மேலே அப்பா படுக்கிறார், ஐயா!

என் பி.காம். புத்தி விழித்துக்கொண்டது. வரவு: கூரை 96 அங்குலம். செலவு: உத்தரம் 9, கார் 63, இடைவெளி 4. கையிருப்பு 20. தரையோடு மடிந்து கிடந்து, காரைச் சக்கரத்தோடு தூக்கும் கத்தரி லிஃப்டுக்கு அது போதும். பழையபடி 24 அங்குலம் தண்ணீர் வந்தாலும் டயர்தான் 4 அங்குலம் நனையும். நனையட்டுமே!

"வெள்ளம் வந்தா முதல்ல கரண்ட்டைத்தானே நிறுத்துவாங்க?" என்றாள் மனைவி. அதானே! ஆகவே மோட்டார் சுவரில் உயரமாக இருக்க வேண்டும். கையால் அடிக்கிற பம்ப் வேண்டும். எண்ணெய் கசிந்தாலும் கார் இறங்காதபடி இரும்புப் பூட்டு வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

விலையைக் கேட்ட அப்பா, "இதுக்குக் காரையே வித்துடலாம்டா" என்றார். சரி, சாவியைக் கொடுங்கள் என்றேன். தலையணைக்கு அடியில் இருக்கிறதாம். தரமாட்டாராம்.