சொன்னது சொன்னதுதான்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, காலை நிகழ்ச்சி முடிந்த கையோடு சிரம்பானைத் தாண்டி ரந்தாவ் பக்கம் காரை விட்டேன். பெரியம்மா இன்னமும் தோட்டத்தில்தான் இருக்கிறார். பால் மரம் போய் செம்பனை வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் அந்த லயத்து வீட்டு வாசலில் குடிக்கும் தேநீருக்குத் தனி ருசி.

பெரியம்மா மகன் வந்திருந்தான். எனக்குத் தம்பி முறை. கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதுகிறான். எப்போதும் வாய் ஓயாதவன், அன்று பேச்சே இல்லை.

"என்னடா?" என்றேன்.

"ஒரு தோட்டத்துச் சம்பளம் ரெண்டு தடவை போயிருச்சுக்கா. நான் எழுதின புரோகிராம்."

தரவுத்தளம் என்பது ஒரு பெரிய பேரேடு. ஆரக்கல் தரவுத்தளத்துக்கு உள்ளேயே நிரல் எழுத பிஎல்-எஸ்க்யூஎல் என்ற மொழி இருக்கிறது. அது சாதாரணமாகப் பேரேட்டுக்குள்ளேயே வேலை பார்க்கும். வெளியே போகவும் கதவுகள் உண்டு. 'யுடிஎல் ஃபைல்' கோப்பைத் திறந்து எழுதும். 'யுடிஎல் டிசிபி' இன்னொரு கணினிக்குத் தொலைபேசி போட்ட மாதிரி இணைப்புத் திறந்து பேசும். இந்த இணைப்பைத்தான் சாக்கெட் என்கிறார்கள்.

கதவுகளுக்குக் காவலும் உண்டு. கோப்பு நம் மடிக்கணினியில் திறக்காது, சர்வரில்தான் திறக்கும். அதுவும் நிர்வாகி அனுமதித்த அடைவில் மட்டும். இணைப்புக்கும் அப்படித்தான். 2007-இல் வந்த 11ஜி பதிப்பிலிருந்து, எந்த முகவரியோடு பேசலாம் என்று நிர்வாகி பட்டியல் போட்டுக் கொடுத்தால்தான் பேச முடியும். திறந்ததை மூடவும் வேண்டும். பாதியில் பிழை வந்தாலும் மூடும்படி எழுத வேண்டும். மறந்தால், திறந்தபடியே சேர்ந்து சேர்ந்து ஒருநாள் புதிதாக எதையும் திறக்க முடியாமல் போகும்.

"இதெல்லாம் சரியாத்தான் செஞ்சேன். தப்பு வேற எடத்துல" என்றான்.

பேரேட்டுக்குள் ஒரு வசதி இருக்கிறது. வேலை பாதியில் கெட்டால் 'ரோல்பேக்' என்று சொன்னால் போதும், எழுதியதெல்லாம் எழுதாததாகிவிடும். தம்பியின் நிரல் முதலில் சாக்கெட் வழியாகச் சம்பளப் பட்டியலை அனுப்பியது. பிறகு பேரேட்டில் 'கொடுத்தாயிற்று' என்று குறிக்கப் போனது. ஒரு வரியில் பிழை. உடனே ரோல்பேக். பேரேடு சுத்தம். ஆனால் போன பட்டியல் போனதுதான். சற்று நேரத்தில் நிரல் தானாகவே மறுபடி ஓடியது. பேரேட்டில் யாருக்கும் கொடுத்ததாகக் குறிப்பு இல்லை. பட்டியல் மறுபடி போனது.

"நீங்க மைக்ல தப்பா ஒரு பேரச் சொல்லிட்டா, நேயர் காதுலேர்ந்து எடுக்க முடியுமா?"

முடியாது. நானும் அப்படி ஒருமுறை மாட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கலாம், திருத்திச் சொல்லலாம். சொன்னதைச் சொல்லாததாக்க முடியாது.

கூடுதலாகப் போன பணத்தை அடுத்தடுத்த சம்பளத்தில் பிடிக்கப் போகிறார்களாம். தீபாவளி நெருங்கும் நேரம். வந்த பணத்தில் பலர் கடனை அடைத்திருப்பார்கள், பிள்ளைகளுக்குத் துணி எடுத்திருப்பார்கள். தோட்டத்துப் பிள்ளையான அவனுக்கு அதுதான் உறுத்தியது.

பெரியம்மா உள்ளிருந்தே குரல் கொடுத்தார். "அந்தக் காலத்துல கிராணி பேரக் கூப்பிட்டு, கைநாட்டு வாங்கிட்டுத்தான் காச நீட்டுவாரு. மறுபடி போய் நின்னா பேரேட்டக் காட்டுவாரு."

தம்பி சிரித்துவிட்டான். அவன் செய்துகொண்டிருந்த திருத்தமும் அதுதானாம். இனி 'அனுப்ப வேண்டியவை' என்ற பட்டியலில் ஒவ்வொரு சம்பளமும் தனி எண்ணோடு முதலில் பதிவாகும். பதிவு உறுதியான பிறகே, வேறொரு வேலையாக இணைப்புத் திறந்து அனுப்பப்படும். பதில் வராமல் இணைப்பு அறுந்தால் அதே எண்ணோடு மறுபடி அனுப்பலாம். 'இந்த எண் வந்தாச்சு' என்று அந்தப் பக்கம் ஒதுக்கிவிடும்.

சம்பளம் வாங்குகிறவர்களுக்கும் ஒரு சேதி. முதலாளியின் தவறால் கூடுதலாக வந்த சம்பளத்தைப் பிடித்துக்கொள்ள 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் முந்தைய 3 மாதங்களில் கூடுதலாகக் கொடுத்ததை மட்டுமே பிடிக்கலாம். இந்தப் பிரிவின்படி ஒரு மாதத்தில் பிடிக்கும் மொத்தத் தொகை பொதுவாக அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கணக்கு இடித்தால் கேளுங்கள்.

நிரல் எழுதும் தம்பி தங்கைகளே, வெளியே போகும் கதவைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்தப் பக்கம் ஒரு குடும்பம் தீபாவளிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்த வாரம் பேசுவோம்.